கசியும் அடிப்பெட்டி: நகரும் கூடைப்பந்துக் கம்பத்தைச் சீராக்கும் வழிகள்

அமெரிக்க, கனடியப் புறநகர்களில் வீட்டு முகப்பில், கார் ஏறி வரும் தளத்தின் ஓரமாக ஒரு கூடைப்பந்துக் கம்பம் நிற்பதை எங்கும் பார்க்கலாம். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இருட்டும் வரை அங்கே பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கம்பங்களில் பெரும்பாலானவை மண்ணில் நடப்பட்டவை அல்ல. அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் தண்ணீரோ மணலோ, முன்பக்கம் இரண்டு சக்கரங்கள். வேண்டிய இடத்துக்குச் சாய்த்து உருட்டிக்கொண்டு போகலாம். சில வருடங்கள் வெயிலும் பனியும் பட்ட பிறகு அந்தப் பெட்டியில் எங்கோ ஒரு விரிசல் விழும், தண்ணீர் வடியும். வீட்டுக்காரர் கடைக்குப் போய் முதலில் கேட்பது, ‘இதை எதை வைத்து ஒட்டலாம்?’ என்பதுதான்.

பதில்களுக்குப் பஞ்சமில்லை. சிலிக்கான் பசை என்பார் ஒருவர், எபாக்சி என்பார் இன்னொருவர். சூடு வைத்து உருக்கி ஒட்டு, மணலை நிரப்பு, கான்கிரீட் ஊற்று, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று பட்டியல் நீளும். இவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கும் முன் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி கம்பத்தைக் கவிழாமல் பிடிப்பதற்காக இருக்கிறது. தண்ணீர் அதற்கான எடை, அவ்வளவுதான். ஆகவே ஓட்டை அடைபட்டதா என்று பார்ப்பதற்கு முன், போன எடை திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பசையைப் பற்றிப் பேசும் பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பிள்ளைகளுக்கு அடிபடும் ஆபத்து இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு பிறந்தபோது அடித்தளம் என்ற பிரச்சினையே இல்லை. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடித் தடுப்பில் அறைந்தார். அந்தத் தடுப்பு பத்தடி உயரத்தில் இருந்தது. வளையத்தின் உயரம் இன்றைக்கும் அதே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். அன்று முழுச் சுமையையும் கட்டடம் தாங்கியது. வீட்டு வாசலுக்கு வளையம் வந்தபோதுதான் யார் தாங்குவது என்ற கேள்வி எழுந்தது. குழி தோண்டிக் கான்கிரீட்டில் கம்பத்தை நடுவதே உறுதியான வழி. ஆனால் வாடகை வீட்டில் குழி தோண்ட முடியாது. சொந்த வீடாக இருந்தாலும் குடியிருப்போர் சங்கங்கள் பல நிரந்தரக் கம்பத்துக்கு அனுமதி தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் தண்ணீர் நிரப்பும் பெட்டி.

எடை எவ்வளவு தேவை என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்த்துவிடலாம். சந்தையில் உள்ள பெட்டிகள் ஏறத்தாழ 100 முதல் 190 லிட்டர் வரை கொள்ளும். நடுத்தரமான ஒன்று 35 கேலன், அதாவது 132 லிட்டர். தண்ணீர் நிரப்பினால் 132 கிலோ. பெட்டியின் நடுவிலிருந்து முன்விளிம்பு அரை மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், முன்பக்கம் கவிழாமல் இழுத்துப் பிடிக்கும் திறன் 66 கிலோ-மீட்டர், அதாவது கிலோவை மீட்டரால் பெருக்கிய அளவு. பலகையும் கம்பமும் இதில் பெரிதாக உதவாது. அவை முன்விளிம்புக்கு மேலேயும் அதைத் தாண்டியும் நீண்டிருப்பதால் கவிழ்க்கும் பக்கத்துக்கே துணை போகும். இனி காற்று. 1.1 மீட்டர் அகலமும் முக்கால் மீட்டர் உயரமும் உள்ள பலகையின் மேல் பின்புறமிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று மோதினால், சுமார் 17 கிலோ விசை விழும். அது 3.3 மீட்டர் உயரத்தில் தள்ளுவதால் கவிழ்க்கும் திறன் ஏறக்குறைய 55 கிலோ-மீட்டர். பெட்டி நிறைந்திருந்தால் கம்பம் தப்பிக்கும். பாதித் தண்ணீர் போயிருந்தால் தாங்கும் திறன் 33 ஆகக் குறையும். அப்போது 46 கிலோமீட்டர் வேகக் காற்றே அதைச் சாய்த்துவிடும். வளையத்தைப் பிடித்து ஒரு பையன் தொங்கினால் காற்றே தேவையில்லை.

இதில் பயப்பட வேண்டியது மெதுவான கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் போகிறது. அடிப்பக்க விரிசலாக இருந்தால் ஒரே மாதத்தில் 132 லிட்டரும் காலி. கோடைக்காலத்தில் சூடேறிய தார்த்தளத்தில் அந்தச் சொட்டு விழுந்த உடனே காய்ந்துவிடும், ஈரத்தின் அடையாளம்கூட இருக்காது. வெளியே பார்த்தால் கம்பம் நேற்று நின்றது போலவே நிற்கும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு நீர்மட்டம் பார்ப்பதும், பெட்டியின் பக்கத்தைக் கையால் தட்டி ஓசை கேட்பதும் எந்தப் பசையையும்விடப் பெரிய பாதுகாப்பு.

தாங்கி வலுவாக இருக்க வேண்டும் என்ற பாடத்தைத் தொழில்முறை அரங்குகளும் கற்றவைதான். 1993 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் நகரில் ஷகீல் ஓநீல் என்ற வீரர் வளையத்தில் பந்தைத் திணித்தபோது, பலகையைத் தாங்கிய தாங்கி அப்படியே மடிந்து தரைக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூஜெர்சியில் பலகையும் அதற்கு மேலிருந்த கடிகாரமும் சேர்ந்து விழுந்தன. அதன் பிறகு தாங்கிகள் வலுப்படுத்தப்பட்டன. இன்று அரங்குகளில் உருட்டிக்கொண்டு வரும் தாங்கிகளின் பின்பகுதியில் பெரும் எடை ஏற்றப்பட்டிருக்கும். வீட்டு வாசல் கம்பத்துக்கு அந்த வசதி கிடையாது. நூற்றுச் சொச்சம் லிட்டர் தண்ணீரை நம்பியே அது நிற்கிறது.

இப்போது விரிசலுக்கு வருவோம். இந்தப் பெட்டிகள் அடர் பாலிஎத்திலீனால், எச்.டி.பி.இ. என்று சொல்லப்படும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உருகிய பிளாஸ்டிக் குழாயை இரண்டு அச்சுப் பாதிகளுக்கு நடுவில் பிடித்து, உள்ளே காற்றை ஊதி விரியச் செய்து வார்க்கிறார்கள். ஊதும்போது மூலைகளை நோக்கி பிளாஸ்டிக் அதிகம் இழுபடுவதால் சுவர் அங்கே மெல்லியதாகிவிடும். இரண்டு அச்சும் சந்தித்த இடத்தில் பெட்டியைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அதுவும் பலவீனமான இடம். கையால் தடவினாலே அந்தக் கோடு விரலில் தட்டுப்படும். பழைய பெட்டிகளைப் பார்த்தால் விரிசல்கள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும். மூலை, சேர்ப்புக் கோடு, சக்கர அச்சு நுழையும் பள்ளம், கம்பமும் அதன் பின்தாங்கிக் கம்பிகளும் போல்ட்டால் இறுக்கப்பட்ட துளைகள். நிறைந்த பெட்டியைச் சாய்த்து உருட்டும்போது மொத்த எடையும் அச்சுப் பள்ளத்தில் விழுகிறது. தரதரவென்று இழுத்தால் அடிப்பாகம் தேய்கிறது.

நான் இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்று நீர் விரிசல், மற்றது சுமை விரிசல். மூலையிலோ அடிப்பாகத்திலோ மயிரிழை போல ஓடி, தண்ணீரை மட்டும் விடுவது முதல் வகை. கம்பம் பெட்டியோடு இணையும் இடத்திலும் பின்தாங்கிகளின் போல்ட் துளைகளைச் சுற்றியும் ஓடுவது இரண்டாம் வகை. முதல் வகையில் எடைதான் போகிறது, அதை வேறு வழியில் திரும்ப ஏற்றலாம். இரண்டாம் வகையில் எடைக்கும் கம்பத்துக்கும் உள்ள பிடி போகிறது. அங்கே பெட்டிக்குள் ஈயத்தையே நிரப்பினாலும் பயனில்லை, கம்பம் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு சாயும். எந்தப் பழுதுபார்ப்பையும் இந்தப் பிரிவினையில் தொடங்க வேண்டும்.

பசைகள் ஏன் தோற்கின்றன என்பதற்கு விடை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் இருக்கிறது. பெட்டியின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால் அது பரவாமல் முத்தாக உருண்டு நிற்கும். தண்ணீர் பரவாத மேற்பரப்பில் பசையும் பரவுவதில்லை, நனைத்துப் பற்றுவதில்லை. சிலிக்கான் பசை காய்ந்து அழகாக மூடிக்கொண்டது போலத் தெரியும். ஒரு வாரம் கழித்து நகத்தால் நெம்பினால் நாடா போல முழுதாக உரிந்து வரும். கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சியும் அப்படித்தான். அது கல்லாக இறுகும், பிளாஸ்டிக்கோ வளைந்து கொடுக்கும், இரண்டும் நாளடைவில் பிரிந்துவிடும். தாரைப் போன்ற ஒட்டும் நாடாக்கள் ஓரளவு நிற்கும், ஆனால் பெட்டி வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது விளிம்பு தூக்கிக்கொள்ளும். இவையெல்லாம் அவசரத்துக்குச் சில நாள் கைகொடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பாலிஎத்திலீனைப் பிடிக்கும் பசைகள் இல்லாமல் இல்லை. த்ரீஎம் நிறுவனத்தின் டிபி8005 போன்ற இருபாக அக்ரிலிக் பசைகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. பிடிப்பு நன்றாக இருக்கும், விலை அதிகம். படகு பழுதுபார்ப்பவர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். இதே பிளாஸ்டிக்கில்தான் பல துடுப்புப் படகுகளும் வார்க்கப்படுகின்றன. வளைந்து கொடுக்கும் வகை எபாக்சியைப் பூசும் முன், கேஸ் டார்ச்சின் நீல நிறச் சுடரின் நுனியை விரிசலின் மேல் வேகமாக ஒருமுறை ஓட்டுகிறார்கள். பிளாஸ்டிக் உருகக் கூடாது, பளபளப்பு மாறவும் கூடாது. சுடர் பட்ட மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பசையை ஏற்கும் நிலைக்கு வருகிறது. சரியாக வந்ததா என்று பார்க்க அதே தண்ணீர்ச் சோதனை போதும். முன்பு முத்தாக நின்ற துளி இப்போது தட்டையாகப் பரவ வேண்டும். பரவினால் உடனே பசையைப் பூசிவிட வேண்டும், நாள் கடத்தினால் பலன் குறைந்துவிடும்.

என் மதிப்பில், நீர் விரிசலுக்கு முறையான வைத்தியம் உருக்கி ஒட்டுவதுதான். இது தமிழர்களுக்குப் புதிய வித்தையல்ல. பிளாஸ்டிக் குடம், வாளி ஓட்டை அடைக்கிறோம் என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள் செய்தது இதைத்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஓட்டையின் விளிம்பை இளக்குவார்கள். அதே வகைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மேலே வைத்து உருக்கித் தேய்ப்பார்கள். பழைய பிளாஸ்டிக்கும் புதுத் துண்டும் ஒன்றாகக் கலந்து இறுகும். பசைக்கு அங்கே இடமே இல்லை. ஒரே வகைப் பிளாஸ்டிக்தான் ஒன்றோடொன்று கலக்கும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்ட உண்மை. குடத்துக்குக் குடத்துண்டைத்தான் எடுப்பார்கள், வேறொன்றைத் தொடமாட்டார்கள்.

கம்பப் பெட்டிக்கும் அதே விதி. பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எச்.டி.பி.இ. அதே எண் உள்ள பால் கேனையோ டிடெர்ஜெண்ட் புட்டியையோ விரல் அகல நாடாக்களாக வெட்டிக்கொண்டால் ஒட்டுக்கம்பி தயார். 5 என்ற எண் உள்ள பாலிபுரோப்பிலீன் இதனோடு சேராது. முதலில் பெட்டியைக் காலி செய்து நன்றாக உலர வைக்க வேண்டும். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி, ஒட்டு முழுக்கக் குமிழி விழும். பிறகு விரிசலின் இரண்டு முனைகளிலும் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விரிசலின் கூரிய முனையில்தான் இழுவிசை குவிகிறது. முனை வட்டமாகிவிட்டால் அது மேலும் ஓடுவதில்லை. துளையிடாமல் ஒட்டினால் ஒட்டு நன்றாகவே இருக்க, அதற்கு அப்பால் புதிய விரிசல் கிளம்பும்.

அடுத்து, கத்தியாலோ சுரண்டியாலோ விரிசல் நெடுகிலும் ‘வி’ வடிவில் பள்ளம் எடுத்து, இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும். வெயில் பட்டு வெளுத்த தோல் உருகிக் கலக்காது, அடியில் உள்ள பளபளப்பான புதுப் பிளாஸ்டிக் வெளிப்பட வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் 130 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். சூடான காற்றை ஊதும் துப்பாக்கியைச் சுமார் 300 டிகிரியில் வைத்தால் வேலை நடக்கும். நாடாவின் நுனியும் பள்ளமும் ஒரே நேரத்தில் ஈரம் போல மினுங்கும் தருணம் ஒன்று வரும். அப்போது நாடாவை அழுத்திக்கொண்டே நகர வேண்டும். நாடா மட்டும் உருகிப் பள்ளம் இளகாமல் இருந்தால் அது மேலே ஒட்டிய மெழுகு, பிடிக்காது. புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது. துப்பாக்கி இல்லாதவர்கள் சால்டரிங் அயர்னைப் பயன்படுத்தலாம், மெதுவாகத்தான் நகரும். நீண்ட விரிசலுக்கு மெல்லிய துருப்பிடிக்காத கம்பி வலையை உருகிய பரப்பில் புதைத்து மேலே இன்னொரு அடுக்கு போடுவது வலுச் சேர்க்கும். எல்லாவற்றையும் வெட்டவெளியில் செய்ய வேண்டும். ஆறவும் நேரம் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி அவசரமாகக் குளிர்வித்தால் ஒட்டு இழுத்துக்கொண்டு வெடிக்கும். முடிந்ததும் பெட்டியை நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்து ஒரு நாள் விட்டால் காகிதமே முடிவைச் சொல்லிவிடும்.

இந்த வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. புற ஊதாக் கதிர் பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. கறுப்புப் பெட்டிகளில் கலந்திருக்கும் கரித்தூள் அதைத் தடுக்கும், ஆனாலும் பல கோடைகளுக்குப் பிறகு மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டும். விளிம்பை வளைத்துப் பாருங்கள். வளையாமல் நுண்ணிய கோடுகளாகப் பிளந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதை ஒட்டினாலும் ஒட்டுக்கு அடுத்த இடம் உடையும். அத்தகைய பெட்டியில் ஒட்டும் முயற்சியையே விட்டுவிட்டு எடையைப் பற்றி யோசிப்பது நல்லது.

எளிய மாற்று மணல். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. அதே 132 லிட்டர் பெட்டி 210 கிலோ கொள்ளும். மயிரிழை விரிசல் வழியே மணல் வடியாது. சிரமம் நிரப்புவதில்தான் இருக்கிறது. வாய் சிறியது, மணல் ஈரமாக இருந்தால் புனலில் அடைத்துக்கொள்ளும், மூலைகளுக்கும் தானாக நகராது. பெட்டியைச் சாய்த்துத் தட்டித் தட்டித்தான் நிரப்ப வேண்டும். நிரப்பியபின் உருட்டுவதும் கடினம், திரும்ப எடுப்பது அதைவிடக் கடினம். சில அமைப்புகளில் கம்பத்தின் அடிப்பகுதி மணலோடு உரசி நிற்கும். அங்கே ஈரம் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும்.

பனி விழும் ஊர்களில் விரிசலுக்கு முதல் காரணமே தண்ணீர்தான். உறையும்போது அது ஒன்பது சதவீதம் பருக்கிறது. கழுத்து வரை நிரப்பி மூடியை இறுக்கிய பெட்டிக்கு விரிய வழியில்லை. பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுவது ஒரு வழி. உப்புக் கரைப்பது இன்னொன்று. 23 சதவீத உப்பு நீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. ஆனால் 132 லிட்டருக்கு 35 கிலோ உப்பு வேண்டும், கசிந்தால் புல் கருகும், கம்பம் அரிக்கும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலை மட்டும் ஊற்றவே கூடாது. அது இனிக்கும் நஞ்சு. கசிந்து தேங்கியதை நாயோ குழந்தையோ நக்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. புரோப்பிலீன் கிளைக்கால் வகையைப் பயன்படுத்தலாம். குளிர் இல்லாத ஊர்களில் கவலை வேறு. மூடி தொலைந்த பெட்டியில் தேங்கும் தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிட ஏற்ற இடம். சென்னை அடுக்ககம் ஒன்றில் இந்தக் கம்பத்தை நிறுத்துபவருக்கு மணலையே பரிந்துரைப்பேன்.

ஒட்டவும் முடியாமல் மணலும் நிரப்ப முடியாமல் போனால் எடையைப் பெட்டிக்கு மேலேயே ஏற்றிவிடலாம். வட அமெரிக்கக் கடைகளில் குளிர்காலத்தில் சரக்கு வண்டிகளின் பின்பகுதிக்காக 60 பவுண்டு, அதாவது 27 கிலோ நீள மணல்மூட்டைகள் விற்பார்கள். ஐந்து மூட்டை போட்டால் 135 கிலோ, இழந்த தண்ணீர் முழுதும் வந்துவிட்டது. அவற்றைக் கம்பத்துக்குப் பின்னால், முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி அடுக்கினால் அதே எடைக்குக் கூடுதல் பலன். வழுக்காதபடி பெல்ட் போட்டுப் பெட்டியோடு கட்ட வேண்டும். மூட்டை பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தால் அந்த எடை கணக்கில் சேராது. சாக்கு வெயிலில் நைந்துபோகும், மேலே தார்ப்பாய் போட்டு மூடலாம். பார்வைக்கு அழகில்லை என்பார்கள். ஆனால் இந்த வழியில் எடை கண்ணுக்குத் தெரிகிறது, குறைந்தால் யாருக்கும் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற எல்லா வழிகளையும்விட இதை மேலாக மதிக்கிறேன்.

பெட்டியின் மேல்பக்கத்தை அறுத்துத் திறந்து கான்கிரீட் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. மூடிய கூடாக இருப்பதால்தான் அந்த மெல்லிய பிளாஸ்டிக்குக்கு விறைப்பே வருகிறது. மேல்பக்கத்தை அறுத்தால் கம்பத்தின் பிடிமானம் அசையும். கான்கிரீட் பாலிஎத்திலீனோடு ஒட்டவும் செய்யாது. 132 லிட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் வரும், அதை உருட்ட அந்தச் சக்கரங்கள் போதாது. அவ்வளவு கான்கிரீட் கலக்கத் தயாராக இருப்பவர் குழி தோண்டி நிலைக்கம்பமே நட்டுவிடலாம்.

சுமை விரிசலுக்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்றுதான், அடிப்பெட்டியை மாற்றுவது. பெரிய தயாரிப்பாளர்கள் பெட்டியைத் தனி உதிரியாக விற்பதுண்டு. கம்பத்திலோ பெட்டியிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்க வேண்டும், ஏனென்றால் போல்ட் துளைகளின் இடைவெளி மாடலுக்கு மாடல் வேறுபடும். துளையைச் சுற்றி இரும்புத் தகடு வைத்துப் பெரிய வாஷரோடு இறுக்கினால் போதாதா என்று கேட்பார்கள். விரிசல் தொடங்கும் நிலையில் அது ஓரளவு உதவும். துளை பிளந்து போல்ட் ஆடும் நிலை வந்துவிட்டால் தகடு பிளாஸ்டிக்கைத்தான் பிடித்திருக்கும், பிளாஸ்டிக் எதையும் பிடித்திருக்காது.

பெட்டி மாற்றப் பணம் செலவழிக்கும் முன் கம்பத்தின் அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தங்கி, குழாய் உள்ளிருந்து அரித்திருக்கலாம். வெளியே பெயிண்ட் மட்டும் கொப்பளித்திருக்கும். ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்தினால் உள்ளே போகிறது என்றால் அந்தக் கம்பத்தின் ஆயுள் முடிந்தது, புதுப் பெட்டி வாங்குவது வீண்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை முடிந்து எடையைத் திரும்ப ஏற்றத் தயாராகும் வரை கம்பத்தை நிற்க வைக்கக் கூடாது. தண்ணீரை முழுதும் வடித்து, வளையத்தை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, இரண்டு பெரியவர்கள் பிடித்துப் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் கம்பத்தைத் தாங்க, மற்றவர் பெட்டி தூக்கிக்கொள்ளாமல் காலால் அழுத்தி நிற்க வேண்டும். பலகையின் அடியில் பழைய மெத்தையோ மரக்கட்டையோ கொடுத்தால் கண்ணாடிப் பலகை உடையாது. நிமிர்த்தும்போதும் அதே இருவர் வேண்டும். நிமிர்த்திய உடனே, பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வரும் முன், பெட்டியை நிரப்பிவிட வேண்டும்.